சக்கரம் உருண்ட வழி – 14: பழைய இரும்பில் பிறந்த மலை சைக்கிள்

சென்ற இதழில் அம்பத்தூரில் நின்றோம். ஏ.எம்.எம். அருணாசலமும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டும் பேசி முடித்து, முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதைப் பார்த்தோம். 1951-ல் உற்பத்தி ஆரம்பித்தபோது பர்மிங்காமின் ஹெர்குலிஸ் என்ற பெயர் சென்னை மாநிலத்தின் கிராமங்களுக்கும் சொந்தப் பெயராகிவிட்டது. இந்த இதழில் அங்கிருந்து தெற்கே இறங்கி விருத்தாசலம் போகிறோம். வழியில் கலிபோர்னியாவை ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். மலை சைக்கிளின் கதை அப்படி.

விருத்தாசலம் சமவெளி ஊர். அங்கே மலை சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடலூர் மாவட்டத்தின் இந்தப் பகுதி தரையைப் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் கேட்கமாட்டார்கள். ஊரை விட்டு வெளியே வந்தால் செம்மண். அதில் மைல் கணக்கில் முந்திரிக் காடு. தோப்புகளுக்கு நடுவே மாட்டுவண்டி பள்ளம் பறித்த தடங்கள், மழை அரித்த ஓடைகள், கோடையில் முழங்கால் வரை புதையும் மணல். இன்னொரு பக்கம் கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுத்தாறு, வருஷத்தில் பாதி நாள் மணலாகவே கிடக்கிறது. இந்த ஊர் பீங்கான் ஊரானதற்கும் மண்தான் காரணம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெண்களிமண் பக்கத்திலேயே இருந்ததால்தான் இங்கே செராமிக் தொழிற்பேட்டை வந்தது. அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை என்று சூளைகள் எரிந்தன. அந்தச் சூளைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் சைக்கிளில் போனார்கள்.

அவர்கள் ஓட்டியது என்ன வண்டி? உயரமான கறுப்பு ரோட்ஸ்டர். இருபத்தெட்டு இஞ்சு சக்கரம், கம்பி பிரேக், பின்னால் கல்யாண வீட்டுப் பாத்திரம்கூட ஏற்றலாம் என்கிற கேரியர். எடை இருபது கிலோவுக்குக் குறையாது. பால் கேனும் விறகுக் கட்டும் பொம்மைக் கூடையும் தினமும் ஏறி இறங்கிய வண்டி அது. இந்த வண்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கமும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு முரட்டு வண்டியிலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் சைக்கிள் வியாபாரம் படுத்துவிட்டது. பெரியவர்கள் காருக்குப் போய்விட்டார்கள்; இனி சைக்கிள் வாங்கினால் பையன்களுக்குத்தான் வாங்குவார்கள். பையன்கள் ஓட்டினால் மேட்டிலும் பள்ளத்திலும் போட்டுத் தள்ளுவார்கள். அதைத் தாங்க வேண்டும் என்று சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933-ல் பருத்த பலூன் டயர் போட்ட வண்டியைக் கொண்டுவந்தது. டயரின் அளவு 26 × 2.125. ஷ்வின் எக்செல்சியர் இந்த வம்சத்தில் வந்ததுதான். மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் செய்த தோற்றம், கனத்த இரும்பு, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். செய்தித்தாள் போடும் பையன்களோடு முப்பது வருஷம் ஓடி, பிறகு வீட்டுக் கொல்லைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் துருப்பிடித்துக் கிடந்தது.

சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் வட்டாரத்தில் டமல்பாயிஸ் என்றொரு மலை. 1970-களின் முதல் பாதியில் அந்த மலையடிவாரத்துப் பையன்கள் இந்தப் பழைய ஷ்வின்களைச் சில டாலர்களுக்கு வாங்கி, மட்கார்டையும் வேண்டாத தகரத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, காட்டுத்தீ அணைக்கப் போட்ட மண் பாதைகளில் மேலிருந்து கீழே விட்டார்கள். வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் கிளங்கர். ஓட்டை உடைசல் என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த மாதிரி. இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டியவர்களில் பலர் நல்ல பந்தயச் சாலை சைக்கிள் வைத்திருந்தவர்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஓடிஸ் கை எல்லாரும் அந்தக் கூட்டம்தான். லேசான வண்டியின் அருமை தெரிந்தவர்கள் வேண்டுமென்றே கனமான பழசை எடுத்தார்கள், பழசுதான் உடையவில்லை என்பதால்.

1976 அக்டோபர் 21-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண் பாதையில் முதல் பந்தயம் வைத்தார்கள். இரண்டு மைலுக்கும் குறைவான தூரம். இறக்கம் 1300 அடி. அந்த இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ஹப்பு கொதித்து உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்துவிட்டது. முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். அன்றைக்குக் கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். பின்னாளில் கேரி ஃபிஷர் அதே இறக்கத்தை 4 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். அதுதான் அந்தப் பாதையின் சாதனை நேரம்.

பழைய சட்டங்கள் எத்தனை நாள் தாங்கும்? உடைய ஆரம்பித்தன. 1977-ல் ஜோ பிரீஸ் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயை வாங்கி, பழைய ஷ்வினின் வடிவக் கணக்கைப் பார்த்துப் புதிதாக ஒரு சட்டம் செய்தார். பாகங்களும் எல்லாம் புதிது. முதலிலிருந்தே மலைக்காக என்று செய்யப்பட்ட வண்டிகளில் அதைத்தான் முன்னால் வைத்துச் சொல்கிறார்கள். அந்த முதல் பிரீசர் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979-ல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்ச்சி செய்துகொடுத்த சட்டங்களை வைத்து ஒரு கடை தொடங்கினார்கள். கடையின் பெயரே ‘மவுன்டன் பைக்ஸ்’. பிறகு மைக் சின்யார்டின் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1981-ல் ஸ்டம்ப்ஜம்பரை ஜப்பானில் செய்து வரவழைத்தது. அதோடு இது கைத்தொழிலாக இருந்த காலம் முடிந்து ஆலைச் சரக்காகிவிட்டது. 1990-ல் அதிகாரபூர்வமான முதல் உலக சாம்பியன்ஷிப் கொலராடோவின் டுராங்கோவில். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். இந்தப் பிற்பகுதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

கரடுமுரடில் சைக்கிள் ஓட்டியதில் இவர்கள்தான் முதல் என்று மாரின்காரர்களும் சொல்வதில்லை. 1897-ல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள், லெப்டினன்ட் மாஸ் தலைமையில் மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 1900 மைல் சைக்கிளில் போனார்கள். பெரும்பகுதி சேறும் மணலும். 1955-லேயே இங்கிலாந்தில் ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்று ஒரு சங்கம் வைத்து ஒற்றையடிப் பாதையில் ஓட்டினார்கள். ஆனால் இவர்களில் யாரும் ஒரு புது வண்டி வகையை உண்டாக்கவில்லை. அது குப்பையில் கிடந்த வண்டியைப் பிரித்துப் பூட்டியவர்களால் நடந்தது. அதாவது பழசை மீட்கும் பைத்தியம் முதலில் வந்தது. மலை சைக்கிள் அதன் பிறகு வந்தது. இன்றைக்குப் பழைய மலை சைக்கிளை மீட்பவர்களைப் புதுமோகம் பிடித்தவர்கள் என்று கேலி செய்வோருக்கு இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது திரும்ப விருத்தாசலம். முரட்டு இரும்பு வண்டி நம்மிடமும் இருந்தது. மண் பாதை நம்மிடமும் இருந்தது. பிரித்துப் பூட்டும் கை தெருவுக்குத் தெரு இருந்தது. ஃபேர்ஃபாக்ஸில் நடந்தது ஏன் முந்திரிக் காட்டில் நடக்கவில்லை?

நம் பையன்களுக்குத் துணிச்சல் குறைவு என்று யாராவது சொன்னால் அவர் குரங்குப் பெடல் போட்ட பையன்களைப் பார்த்ததில்லை. காரணம் வேறு. மாரின் மலையில் அந்த வண்டி வேலையிலிருந்து ஓய்ந்து கிடந்தது. இங்கே ரோட்ஸ்டருக்கு ஓய்வே இல்லை. அப்பா வேலைக்குப் போய் வந்தால் தம்பி தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். வாடகை சைக்கிளை மணிக்கணக்குக்கு எடுப்பவன் அதைப் பள்ளத்தில் விட்டு ரிம் நெளிந்தால் யார் பதில் சொல்வது? உள்ளாட்சிக்கு வருஷா வருஷம் சைக்கிள் வரி கட்டி வில்லை மாட்டிய காலம் அது. வரி கட்டும் பொருள் விளையாட்டுப் பொருளாகாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்களே, அதுவும் விடுதலைக்கான ஓட்டம், விளையாட்டு அல்ல. தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரக் கற்றார்கள்.

சைக்கிளின் தோளிலிருந்து பாரத்தை இறக்கியது ஓசூர்தான். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. பால் கேன் மொபெட்டுக்கு மாறியது, காய்கறி மூட்டை மாறியது, கொஞ்சம் கொஞ்சமாகப் பொம்மைக் கூடையும் மாறியது. பாரம் இறங்கிய வண்டிதான் விளையாட முடியும். 1990-களில் ஹெர்குலிஸ் எம்.டி.பி.யும் ஹீரோ ரேஞ்சரும் பள்ளிக்கூட வாசல்களில் வந்து நின்றதற்கு இதுதான் பின்னணி என்பது என் கட்சி. தாராளமயம் கொஞ்சம் உதவியிருக்கலாம். மொபெட் இல்லாமல் அது மட்டும் போதாது.

அந்த வண்டிகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் வேஷத்தில்தான் மலை சைக்கிள். நேரான ஹேண்டில் பார், குமிழ் குமிழான பருத்த டயர், ஒயர் பிரேக், கண்ணைப் பறிக்கும் ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. பலவற்றில் கியர் கிடையாது. சட்டம் சாதாரண இரும்பு. எடையில் அப்பாவின் ரோட்ஸ்டருக்கு அதிகம் இளைத்ததல்ல. மேட்டில் ஏற்றினால் மூச்சு வாங்கும். பின்னால் வந்த சில மாதிரிகளில் சஸ்பென்ஷன் என்று ஒரு ஸ்பிரிங்கையும் வைத்தார்கள். அது மிதிக்கிற பலத்தில் பாதியைத் தின்றதைத் தவிர வேறு வேலை செய்ததாக நினைவில்லை. அசல் வெளிநாட்டு வண்டியைப் பார்க்க வாய்ப்பும் குறைவு. நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுதாக நீங்கின. 2005-ல் ஃபயர்ஃபாக்ஸ் வந்த பிறகுதான் கியர் வண்டி நகரக் கடைகளில் வரிசை கட்டியது. அதே 2005-ஐ ஒட்டித்தான் தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவிகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கொடுத்துவந்த இலவச சைக்கிளை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிவாக்கியது. அண்ணனின் பழைய எம்.டி.பி. தம்பிக்கு வருவது நின்றது. அது மாடிப்படிக்கு அடியில் போனது.

வேஷம் என்று சொன்னேன். ஆனாலும் அந்த வண்டிக்குள் ஒரு நல்லது இருக்கிறது. இரும்புச் சட்டம். அலுமினியச் சட்டத்தில் விரிசல் விட்டால் ஊர் மிஸ்திரி கையை விரித்துவிடுவார். இரும்பு அப்படியல்ல. வளைந்தால் நிமிர்த்தலாம், விட்டுப்போனால் பித்தளை வைத்து ஒட்டலாம். இங்கேதான் விருத்தாசலத்துக்காரருக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். பித்தளை உருகி மூட்டுக்குள் ஓட ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுடுமண் வேகிற சூடு. அதற்கு மேல் விட்டால் குழாய், அதிகம் சுட்ட பானை மாதிரி, பார்க்க நன்றாக இருந்து தட்டினால் போய்விடும். நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறிகிற கண் சூளைக்காரனுக்கும் உண்டு, சைக்கிள் மிஸ்திரிக்கும் உண்டு.

மீட்பு வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் பெயிண்ட் டப்பாவைத் தூக்குகிறார்கள். அது தப்பு. முதல் வேலை கெரசினும் கந்தல் துணியும். அழுக்கு போனால்தான் விரிசல் தெரியும். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் கூடும் இடத்தையும், பின் சக்கரத்தின் அச்சு மாட்டும் இடத்தையும் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயிண்ட் கோடு போட்ட மாதிரி வெடித்திருந்தால் அடியில் இரும்பும் வெடித்திருக்கலாம். சீட்டுத் தண்டு இறுகியிருக்கும். சுத்தியலால் அடிக்காமல் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பெடல் அச்சைப் பிரிக்கும்போது செயின் பக்கத்துக் கப்புக்கு இடக்கை மரை என்பதை மறந்தால் ஸ்பானர்தான் வழுக்கும், கப்பு கழலாது. இடது பெடலுக்கும் அப்படித்தான். பால்ரஸ் பழசைத் திரும்பப் போடாதீர்கள். முன் ஹப்புக்கு 3/16 இஞ்சு, பின் ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் கால் இஞ்சு என்பது வழக்கம். கோனை இறுக்கிவிட்டு, பிறகு துளி தளர்த்தி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் வால்டியூப் பக்கத்துக் கனத்துக்கே அது கீழே வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஓவராயில் சரி.

அடுத்தது டயர். பணம் வீணாவது இங்கேதான் அதிகம். கடையில் போய் ‘இருபத்தாறு இஞ்சு’ என்று மட்டும் சொன்னால் ஆபத்து. 26 × 1.95 என்று புள்ளி போட்டு எழுதியிருந்தால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். ஷ்வினின் பலூன் டயரிலிருந்து வந்த அளவு இது. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 590. 26 × 1½ என்றால் 584. மூன்றும் இருபத்தாறுதான், ஒன்று இன்னொன்றில் ஏறாது. வேடிக்கை என்னவென்றால், 2010-களில் பெரிய நிறுவனங்கள் மலை சைக்கிளுக்குப் புதுசு என்று கொண்டுவந்த 27.5 இஞ்சு சக்கரத்தின் ரிம் அதே பழைய 584. பாட்டி காலத்து லேடீஸ் சைக்கிளின் அளவுக்குப் புதுப் பெயர் சூட்டி இரட்டை விலை வைத்துவிட்டார்கள். ரோட்ஸ்டர் ரிம்மை எம்.டி.பி. ஹப்பில் பொருத்தப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரோட்ஸ்டரில் முன்னே 32 கம்பி, பின்னே 40, எம்.டி.பி.யில் பெரும்பாலும் இரண்டிலும் 36. ஓட்டை எண்ணாமல் ரிம் வாங்காதீர்கள்.

பெயிண்ட் கடைசி. அதிலும் இரண்டு கட்சி உண்டு. பளபளவென்று புதுசாக்குவது ஒரு கட்சி. கீறலோடு அசலை அப்படியே காப்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. ஆலையில் சூட்டில் உலர்த்திய பெயிண்டும் நெற்றியில் இருக்கும் தகட்டுச் சின்னமும் போய்விட்டால், பழைய வண்டி வெறும் பழைய குழாய்தான். துரு தின்ற இடத்தை மட்டும் சுத்தம் செய்து மெழுகு பூசினால் போதும். புணேயில் விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகம் போனால் பழைய சைக்கிளை மதிக்கிறவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். 2015-ல் ஃபேர்ஃபாக்ஸிலேயே மலை சைக்கிள் வரலாற்றுக்கும் இடம் கொடுத்து ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் திறந்தார்கள். தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் வண்டி செய்த அம்பத்தூர் இருந்தும், நம் வண்டிகளை வரிசையாகப் பார்க்கப் பொதுமக்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற குரல் உரக்க எழவில்லை. எழ வேண்டும்.

மீட்ட வண்டியை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஓட்ட வேண்டும். விருத்தாசலம் வட்டாரத்தில் அதற்கு நல்ல காலம் மார்கழியிலிருந்து மாசி வரை. மழை நின்று செம்மண் இறுகியிருக்கும். மணல் இன்னும் பொடியாகியிருக்காது. முந்திரி பூக்கும் நேரம். பூக்கும் தோப்புக்குள் நுழையுமுன் காவல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், தனியார் நிலம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணலில் புதையாது. கியர் இல்லாத பழைய எம்.டி.பி. இந்தச் சமவெளித் தடத்துக்கு உண்மையில் போதும். கியர் வண்டியில் களி அப்பிக்கொண்டால் பின்னால் உள்ள கியர் மாற்றி முறுக்கிக்கொள்ளும். ஒற்றை ஃபிரீவீலில் அந்தத் தொல்லை இல்லை. கல்வராயன் மலையில் ஏற வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே கியர் வேண்டும், அதைவிட முக்கியமாக இறங்கும்போது பிரேக் வேண்டும். புது பிரேக் கட்டையும் புது ஒயரும் போடாமல் பழைய வண்டியை மலையிலிருந்து இறக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோளோடு இந்த இதழை முடிக்கிறேன். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ தொண்ணூறுகளின் எம்.டி.பி. ஒன்று கிடந்தால் அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழோ பொறித்திருக்கும் சட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்டிக்கரையும் சின்னத்தையும் படம் எடுங்கள், வாங்கிய ரசீதோ வரி வில்லையோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் பக்கத்துத் தெரு மிஸ்திரியிடம் கொடுங்கள். இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைப்பதைவிட அவருக்கு அதன் பயன் அதிகம்.

(தொடரும்)